அம்மா இல்லாத வீட்டில் சாமான் ஒதுக்குவது எப்படி, யாருக்குக் கொடுப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: அம்மா காலமாகி எட்டு மாதம் ஆகிறது. எஸ்.எஸ். காலனி வீட்டை அடுத்த மாதம் வாடகைக்கு விட வேண்டும். உள்ளே முப்பத்தைந்து வருடச் சாமான். உங்களுக்குப் பத்து நாள் லீவு, அண்ணன் வெளிநாட்டில். "தூக்கிப் போட மனசு வரல. மதுரையில யாருக்குக் கொடுத்தா உண்மையிலேயே பயன்படும்?" என்று முடித்திருக்கிறீர்கள். பார்த்தால் முகவரி கேட்கிற கேள்வி மாதிரி இருக்கிறது. மறுபடி படித்தபோது எனக்கு வேறு தோன்றியது. எதைக் கழிப்பது, எதை யாருக்குக் கொடுப்பது, எதை விட்டுப் பிரிவது என்று மூன்று வேலைகள் அங்கே முடிச்சு விழுந்து கிடக்கின்றன. மூன்றையும் ஒரே மூச்சில் செய்யப் பார்ப்பதால்தான், இரண்டு தடவை ஊருக்கு வந்தும் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு, மூடிவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள். முதலில் முடிச்சை அவிழ்ப்போம். முகவரி அப்புறம்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழகர்கோவில் சாலையில் ஒரு முதியோர் இல்லத்தில் 17 வருடம் சாமான் அறைப் பொறுப்பில் இருந்தேன். வருகிற மூட்டைகளைப் பிரித்து, எது உள்ளே போகும், எது வெளியே போகும் என்று பிரிப்பது என் வேலை. அங்கிருந்து வந்த பிறகு தெரிந்த குடும்பங்களுக்கு வீடு ஒதுக்கிக் கொடுக்கிறேன். முப்பது வீட்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் கொடுக்கிறவர் மனசும் தெரியும், வாங்குகிறவர் முகமும் தெரியும். சொத்துப் பங்கு, நகைப் பங்கு போன்றவை எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. அதை ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணனிடம் வீடியோவில் ஒருமுறை எல்லா அறையையும் காட்டி, அவருக்கு வேண்டியதைச் சொல்ல வைத்துவிட்டுத் தொடங்குங்கள். பின்னால் வருகிற மனக்கசப்பில் பாதி அதிலேயே போய்விடும்.

கழிப்பது வேறு, கொடுப்பது வேறு. இந்த வேறுபாடு எனக்குப் புரிந்தது 2005 ஜனவரியில், நாகப்பட்டினத்தில். சுனாமி வந்து இரண்டு வாரம் இருக்கும். மதுரையிலிருந்து அரிசி, பாய், பாத்திரம் ஏற்றிய லாரியோடு நாங்கள் சிலர் போயிருந்தோம். ஊருக்குள் நுழைகிற சாலையின் இரண்டு பக்கமும் துணி. கிழிந்த சட்டை, பட்டன் போன கவுன், கறை படிந்த பாவாடை, குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டு, எல்லாம் மழையில் நனைந்து சேறாகக் கிடந்தன. நல்ல மனசோடு அனுப்பியவைதான். ஆனால் அதில் முக்கால்வாசி, அனுப்பிய வீட்டில் தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தவை. வீடு, வலை, பிள்ளைகள் எல்லாம் கடலில் போன ஒரு பெண் அந்தக் குவியலைப் பார்த்துவிட்டு, "நாங்க உடுத்தி வாழ்ந்தவங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்து போனார். 1999இல் அன்ஷு குப்தா தில்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு, இப்படித் தமிழகக் கரையோரத்தில் தேங்கிப் போன துணிகளை எடுத்துப் பிரித்துப் பயன்படும்படி மாற்றியது. கிராமத்து மக்கள் தங்கள் ஊருக்காக ஒரு குளம் தூர்வாரினால், ஒரு பாதை போட்டால், அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி கொடுப்பது அவர்கள் முறை. பழைய பருத்தித் துணியை மாதவிடாய்க்கான அணையாடையாகத் தைத்தும் கொடுக்கிறார்கள். அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தப் பெண் சொன்னதும் இந்த அமைப்பு செய்வதும் ஒன்றுதான்: வாங்குகிறவருக்கும் மானம் உண்டு. ஆகவே ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது, "இது எனக்கு வேண்டுமா" என்று கேட்பதோடு "இதை நாளைக் காலையில் ஒருவர் அப்படியே பயன்படுத்த முடியுமா" என்றும் கேளுங்கள். முடியும் என்றால் கொடுக்கிற பக்கம். முடியாது என்றால் அதைக் கழிப்பது உங்கள் வேலை. இல்லத்தின் தலையில் அதை ஏற்றக் கூடாது. நாங்கள் வாங்கிய மூட்டைகளில் ஆகாதவற்றை வெளியேற்ற மாதம் ஒரு தடவை வண்டி வாடகை கொடுத்தோம். அந்தப் பணம் பால் வாங்க வைத்திருந்த பணம்.

எதையும் வெளியே அனுப்புவதற்கு முன்னால் தேடல் ஒன்று இருக்கிறது. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். நம் அம்மாக்கள் பணத்தையும் காகிதத்தையும் எங்கே வைப்பார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. சேலை மடிப்பு, தலையணை உறை, உளுந்து டப்பா, சாமி படத்தின் பின்பக்க அட்டை, தையல் மிஷின் டிராயர், பழைய காலண்டர் மாட்டிய ஆணிக்குப் பின்னால் ஒரு கவர். ஒரு வீட்டில் கல்யாண நெக்லஸ் அரிசி டின்னின் அடியில் இருந்தது. டின்னைக் கவிழ்க்காமல் கொடுத்திருந்தால் போயிருக்கும். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் கிடைப்பதும் சாதாரணம். 2016 நவம்பர் 8க்குப் பிறகு அவை செல்லாது. 2017இல் வந்த சட்டப்படி பத்து நோட்டுக்கு மேல் வைத்திருப்பதே தண்டனைக்குரியது. அதனால் நினைவுக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வங்கிப் பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம், தபால் அலுவலகப் பத்திரம், பங்குச் சான்றிதழ் எது கிடைத்தாலும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள். பத்து வருடம் தொடப்படாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் உரிய வங்கி வழியாகக் கேட்டுப் பெறலாம். அப்படிக் கிடப்பவற்றைத் தேடிப் பார்க்க ரிசர்வ் வங்கி 2023இல் உத்கம் என்ற இணையதளம் தொடங்கியிருக்கிறது. அம்மா பெயரையும் அப்பா பெயரையும் போட்டுப் பாருங்கள். கேஸ் இணைப்பு அம்மா பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றலாம், அல்லது ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெறலாம். சிலிண்டரை யாருக்கும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது வரிசை. எல்லோரும் பீரோவிலிருந்து தொடங்குகிறார்கள், எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு நிறுத்துகிறார்கள். குளியலறை அலமாரியில் தொடங்குங்கள். அங்கே நினைவு எதுவும் ஒட்டியிருக்காது. ஒரு மணி நேரத்தில் முடியும், கைக்குப் பழக்கம் வரும். அப்புறம் அடுப்படி, அப்புறம் பரண், அப்புறம் காகிதம், கடைசியில் பீரோ. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மூன்று பேர் வேலை செய்தால் என் கணக்கில் நான்கு நாள். பத்து நாளில் தாராளமாக முடியும். அடுப்படியில் நாற்பது பிளாஸ்டிக் டப்பாவும் மெத்தைக்கு அடியில் மடித்த கவர்களும் கிடைக்கும்போது அம்மா மேல் சலித்துக்கொள்ளாதீர்கள். ஒரு எவர்சில்வர் குடத்துக்குப் பாத்திரச் சீட்டு கட்டி, மாதம் மாதம் பணம் ஒதுக்கி வாங்கிய தலைமுறை அது. ஒரு டப்பாவைத் தூக்கிப் போடுவது அவர்களுக்கு உடம்பிலேயே வராது.

யாருக்குக் கொடுப்பது என்பதில் முதல் உரிமை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசி ஒரு வருடம் அம்மாவைக் குளிப்பாட்டிய அக்கா என்று எழுதியிருந்தீர்களே, அவருக்கு. தெருவில் துணி தேய்க்கிறவருக்கு. குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளருக்கு. ஆனால் மிச்சத்தைக் கொடுக்காதீர்கள். எதுவும் வெளியே போகும் முன்னால் அந்த அக்காவைக் கூப்பிட்டு, "உங்களுக்கு எது வேணும்னாலும் முதல்ல எடுத்துக்குங்க, நான் கடைக்குப் போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே வெளியே போய்விடுங்கள். நாம் எதிரே நின்றால் அவர்கள் இரண்டு பழைய சேலையை எடுத்துக்கொண்டு போதும் என்பார்கள். ஒரு வீட்டில் இப்படி விட்டுப் போனபோது அந்தப் பெண் எடுத்துக்கொண்டது கால் மிதி தையல் மிஷின். அதைவிட நல்ல கைக்கு அது போயிருக்க முடியாது.

துணி விஷயத்தில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். இறந்தவர் உடுத்திய சேலை என்றால் சில முதியவர்கள் தொட மாட்டார்கள். "செத்தவங்க சேலையா தாயி?" என்று நேராகவே கேட்பார்கள். சிலருக்கு அதில் எந்தச் சங்கடமும் இல்லை. இதில் யார் சரி என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இல்லத்துக்குக் கொடுக்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். பொறுப்பாளர் அதற்குத் தகுந்த மாதிரி கொடுப்பார். மற்றபடி, முதியவர்களுக்கு வேண்டியது மெத்தென்று ஆகிப்போன பருத்திச் சேலை, முன்பக்கம் திறக்கிற நைட்டி, துண்டு, ஒற்றைக் கட்டில் விரிப்பு, வழுக்காத செருப்பு. ஜாக்கெட் யாருக்கும் பொருந்தாது, அதைக் கொடுக்காதீர்கள். உள்ளாடை புதிதாக இருந்தால் மட்டும். எல்லாவற்றையும் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, பட்டன் தைத்து, பெண்களுக்கு ஆண்களுக்கு என்று தனித்தனியாகக் கட்டி, மூட்டையின் மேல் எழுதிக் கொடுங்கள். அந்த இரண்டு மணி நேர வேலையை நீங்கள் செய்யாவிட்டால் அங்கே செய்ய ஆள் கிடையாது.

சுங்குடிச் சேலைகள் நிறைய இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊர்ச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை அது. உண்மையான முடிச்சுச் சுங்குடியாக இருந்தால் துணியைத் தடவிப் பாருங்கள், புள்ளி இருக்கும் இடம் லேசாகத் தூக்கி நிற்கும், புள்ளியும் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அதில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நைந்து போனதைக்கூட வீசாதீர்கள். குழந்தைக்குத் தூளி கட்டவும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அடியில் விரிக்கவும் பழைய பருத்திச் சேலைக்கு நிகரான துணி கிடையாது. பட்டுச் சேலை வேறு கதை. தெருவில் கூவிக்கொண்டு வருபவர்கள் ஜரிகைக்குத்தான் விலை கொடுப்பார்கள். வெள்ளி இழையில் தங்க முலாம் பூசிய பழைய ஜரிகையாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. செம்பு இழை என்றால் ஒன்றும் தேறாது. வாசலில் வருபவரிடம் கொடுக்காமல் ஜரிகை வாங்கும் கடை இரண்டில் காட்டி விலை கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள பட்டுச் சேலையை முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதில் பயனில்லை, பெட்டியில் தூங்கும். தெரிந்த ஏழைக் குடும்பத்தில் கல்யாணம் இருந்தால் அங்கே கொடுங்கள்.

பாத்திரம்தான் மதுரை வீட்டின் பெரும் பாரம். அண்டா, தவலை, குண்டான், பித்தளைக் குடம், வெண்கல உருளி, சீர்வரிசையில் வந்த ஏழு அடுக்கு. பித்தளை உள்ளே ஈயம் பூசாமல் புளி, மோர் சேர்ந்தால் களிம்பு ஏறும். அதனால் இல்லங்கள் சமையலுக்குப் பித்தளையை வாங்காது. அதை எடைக்குப் போட்டுவிடுங்கள். இரண்டு கடையில் விலை கேளுங்கள், தராசு உங்கள் கண் முன்னால் இருக்கட்டும். வரும் பணத்துக்கு இல்லத்தில் எது இல்லையோ அதை வாங்கிக் கொடுங்கள். ஒரு அண்டாவின் பணத்தில் பெரியவர்களுக்கான டயப்பர் எத்தனை பாக்கெட் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எவர்சில்வர் தட்டு, தம்ளர், மூடி சரியாகப் பொருந்துகிற தூக்குவாளி, சூடு நிற்கிற பிளாஸ்க் எல்லாம் கொடுக்கலாம். ஆட்டுக்கல்லும் அம்மியும் யாரும் எடுக்க மாட்டார்கள். வாடகைக்கு வருபவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றால் தோட்டத்தில் போட்டு வையுங்கள்.

இப்போது மருந்து. இதில் எனக்குக் கொஞ்சம் அழுத்தம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். பிரித்த மருந்து, பிரிக்காத மருந்து, காலாவதி ஆகாதது எதுவாக இருந்தாலும், ஒரு நோயாளிக்கு வாங்கி மிஞ்சியதை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கொடை வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. காரணம் எளிது. அந்த மாத்திரை எந்த வெயிலில், எந்த ஜன்னல் ஓரத்தில் இருந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அம்மா போன பிறகு எட்டு மாதம் பூட்டிய வீட்டில், கரண்ட் போய்ப் போய் வந்த ஃப்ரிட்ஜில் இருந்ததை யாருக்கு எந்தத் தைரியத்தில் கொடுப்பது? மதுரைச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். எங்கள் இல்லத்துக்கு ஒரு பை நிறைய மாத்திரை வந்தது. நிறம் ஒன்றுபோல் இருந்ததால் ஒரு பாட்டி தன் ரத்த அழுத்த மாத்திரை என்று நினைத்து வேறொன்றை இரண்டு நாள் போட்டுக்கொண்டு மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மருந்து மூட்டையை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். ஆனால் அதே அறையில் இருக்கும் மற்றவைதான் உங்கள் வீட்டிலேயே மிகப் பெரிய கொடை: சக்கர நாற்காலி, வாக்கர், கம்மோடு நாற்காலி, படுக்கைப் புண் வராமல் காக்கும் காற்று மெத்தை, நெபுலைசர், பிரிக்காத டயப்பர் பாக்கெட். புதிதாக வாங்க வசதியில்லாமல் தவிக்கும் வீடுகள் உங்கள் தெருவிலேயே இருக்கும். சக்கர நாற்காலியின் டயரையும் பிரேக்கையும் சரிபாருங்கள், காற்று மெத்தையை ஒரு இரவு ஓடவிட்டுப் பாருங்கள், கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள். இவற்றைக் கொடுக்கும்போது, "உங்க தேவை முடிஞ்சதும் அடுத்தவங்களுக்குக் கொடுத்துடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். எங்கள் பகுதியில் ஒரே வாக்கர் ஐந்து வீடு சுற்றி வந்திருக்கிறது. வாளி, குவளை, பாய், பிளாஸ்க் போன்றவற்றுக்கு அரசு இராஜாஜி மருத்துவமனைப் பக்கமும் தேவை உண்டு. தேனி, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் என்று பல ஊர்களிலிருந்து நோயாளியோடு வந்து தங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவிக்கொண்டிருக்கும் ஆட்கள் வழியாகக் கொடுத்தால் போய்ச் சேரும்.

மின்சாதனங்களில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. 2006இலிருந்து அரசு இலவச கலர் டிவி கொடுத்தது, 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. ஆகவே "ஏழை வீட்டில் மிக்சி இருக்காது" என்ற எண்ணத்தோடு பழைய மிக்சியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வீட்டிலும் பழுதான மிக்சி ஒன்று பரணில் இருக்கும். ஓடுகிற ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், நல்ல மின்விசிறி என்றால் கேட்டுக் கொடுங்கள். "ஓடுகிறது, ஒயர் மாற்ற வேண்டும்" என்று உண்மையை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தப் பின்பக்கம் பெருத்த பழைய டிவியைக் கொடையாகக் கொடுக்காதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. டியூப்லைட்டில் பாதரசம். பழைய இரும்புக் கடையில் போட்டால் செம்புக்காக ஒயரைக் கொளுத்துகிற ஆட்களிடம் அது போய்ச் சேரலாம், அந்தப் புகை கொடியது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள் இந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்த மறுசுழற்சி நிறுவனத்திடமோ, புது டிவி வாங்கும்போது மாற்றாகவோ கொடுங்கள். பழைய செல்போன்களில் அம்மாவின் படம், குரல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அழித்துவிட்டுக் கொடுங்கள். குரல் பதிவை மறந்துவிடாதீர்கள்.

இலவம் பஞ்சு மெத்தை என்றால் பஞ்சை அடித்து வெயில் காட்டிப் புது உறை போட்டால் புதிதாகிவிடும். போடிப் பக்கத்துப் பஞ்சுக்கு அந்தக் குணம் உண்டு. ஸ்பாஞ்ச் மெத்தையில் நோயாளி படுத்திருந்தால் யாருக்கும் வேண்டாம், கழித்துவிடுங்கள்.

புத்தகத்தில் பள்ளிப் பாடநூலும் கைடும் எடைக்குத்தான். 2018இலிருந்து இரண்டு வருடத்தில் எல்லா வகுப்புக்கும் பாடத்திட்டம் மாறிவிட்டது. கதை, கட்டுரை, அகராதி, ஓரளவு புதிய போட்டித் தேர்வுப் புத்தகம் என்றால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பட்டியலோடு போய்க் கேளுங்கள். அப்பாவின் பெட்டியில் இருக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடைக் கணக்கு நோட்டு, கடிதக் கட்டு ஆகியவற்றைக் கடைசி வரை எடைக்குப் போடாதீர்கள். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் இப்படி மற்றவர்கள் கழித்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அதை வைத்துத்தான் 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. உங்களுக்குக் குப்பை என்று தோன்றும் காகிதத்தை அவர்களிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கழியுங்கள். ஓலைச்சுவடி இருந்தால் எண்ணெய் தடவாதீர்கள், சந்தனம் வைக்காதீர்கள். துணியில் சுற்றி, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தையோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தையோ கேளுங்கள். உடைந்த சாமி படங்களை வைகைக் கரையிலோ அரசமரத்தடியிலோ விட்டுவிட்டு வராதீர்கள். கண்ணாடி உடைந்து வெறுங்காலோடு நடக்கிறவர்களைக் கிழிக்கிறது. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றி, காகிதப் படத்தை மட்டும் செடி அடியில் மண்ணில் புதைத்துவிடுங்கள். பெரியவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இனி நீங்கள் கேட்ட முகவரி. ஒரு இல்லத்தின் பெயரைப் பொதுவில் எழுதினால் இந்த வாரமே எல்லோரும் அங்கே மூட்டையை இறக்குவார்கள், அதனால் எழுத மாட்டேன். தேர்ந்தெடுக்கும் வழியைச் சொல்கிறேன். போன் செய்து, "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தயங்கி, "எது கொடுத்தாலும் சந்தோஷம்" என்பார்கள். "என்னிடம் இன்னின்ன இருக்கிறது, இதில் எது வேண்டாம்?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று தைரியமாகச் சொல்கிற இல்லம் பொதுவாக நன்றாக நடக்கிற இல்லம். இது என் அனுபவம், எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு செவ்வாய் அல்லது புதன் மதியம் நேரில் போங்கள். ஞாயிறும் அமாவாசையும் எல்லா இடமும் பளிச்சென்று இருக்கும். குழந்தைகள் இல்லம் என்றால் அது இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. அந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தைகளின் அடையாளம் வெளிப்படுவதைத் தடுக்கிறது. கொடுக்கும்போது பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துப் போடாதீர்கள். முதியவர்களையும்தான். அப்புறம் வரி: பொருளாகக் கொடுப்பதற்கு நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கிடையாது, பணத்துக்கு மட்டும்தான், அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது.

கொடுத்தது கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பதை முழுக்க உறுதி செய்ய முடியுமா என்றால், முடியாது. நானே 17 வருடம் உள்ளே இருந்தும், கொடுத்த சேலையைப் பேத்தி கல்யாணத்துக்கு அனுப்பிய பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கொடுத்த பிறகு அது அவருடையது. பேத்திக்குக் கொடுக்கிற சந்தோஷமும் அவருக்குக் கிடைக்கட்டும். மனசு எத்தனை நாளில் ஆறும் என்பதையும் என்னால் சொல்ல முடியாது. தீர்மானிக்க முடியாதவற்றை ஒரே ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, தேதி எழுதி, ஒரு வருடம் கழித்துத் திறங்கள். அந்தப் பெட்டி நிறைந்துவிட்டால் ஒன்றை எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றை வைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரங்களில் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது, அதை எப்படி இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பெயரைத் தேய்த்து அழிக்க வேண்டுமா என்றும். அழிக்க வேண்டாம். எங்கள் இல்லத்துக்கு ஒரு குடும்பம் கொடுத்த எவர்சில்வர் தம்ளர் ஒன்றில் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெண்ணின் பெயரும் அவர் கல்யாணத் தேதியும் இருந்தன. ஒரு அம்மாச்சி வேறு எந்தத் தம்ளரிலும் காபி குடிக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஒரு நாள் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு காலையில் தம்ளர் மாறி வந்தால் கட்டை விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லி, "அவ எங்கடி?" என்று கேட்பார்.